அடுக்கிய சின்த் ஒலிகள் ஏன் கலங்குகின்றன? வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலேயே கணினியில் மின்னணு நடன இசை உருவாக்கும் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்கின்றன. பல சின்த் (மின்னணு ஒலியாக்கி) ஒலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். இசை பெரிதாவதற்குப் பதிலாகக் கலங்கிப் போகிறது. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எஃப்.எல். ஸ்டூடியோ மென்பொருளில் புரோக்ரஸிவ் ஹவுஸ் பாணியில் இசை அமைத்து வருகிறேன். டிராப் (பாடலின் உச்சக்கட்டம்) பகுதியில் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சுரங்கள்) வாசிப்பதற்கு ஐந்து சூப்பர்சா ஒலிகளை அடுக்கியிருக்கிறேன். ஒவ்வொன்றையும் சோலோ செய்து கேட்டால் மிக நன்றாக இருக்கிறது. ஐந்தையும் சேர்த்தால் எந்தக் கார்டு ஒலிக்கிறது என்பதே புரியவில்லை. எல்லா டிராக்கிலும் ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டு வெட்டிப் பார்த்தும் பயனில்லை. தவறு எங்கே? — வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடையின் பாதி இருக்கிறது. ஒவ்வொரு ஒலியையும் சோலோவில் வைத்து, அது தனியாக நிறைவாக ஒலிக்கும்வரை செதுக்கியிருக்கிறீர்கள். தனியாக நிறைவாக ஒலிக்கிறது என்றால், அடி, நடு, உச்சி என எல்லா இடத்தையும் அது ஒன்றே நிரப்பிவிடுகிறது என்று பொருள். அப்படிப்பட்ட ஐந்தைச் சேர்க்கும்போது ஒவ்வொன்றும் மற்ற நான்கின் இடத்திலும் கால் ஊன்றி நிற்கிறது. எந்த ஒலி எந்த வேலைக்கு என்று முடிவு செய்யாமலே அடுக்கத் தொடங்கியதில் பிறந்த சிக்கல் இது. பிறகு எவ்வளவு ஈக்யூ போட்டாலும் தீராது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். சூப்பர்சா என்ற ஒலி ரோலண்ட் நிறுவனத்தின் ஜேபி-8000 சின்தசைசரோடு 1996இல் வந்தது. ஏழு ரம்பப்பல் அலைகளைச் சிறிதளவு சுருதி விலக்கி ஒரே சமயத்தில் ஒலிக்கச் செய்வதுதான் அதன் அமைப்பு. நான்கு சுரங்கள் கொண்ட ஒரு கார்டை அதில் வாசித்தால் 28 அலைகள். உங்களுடைய ஐந்து அடுக்குகளும் அதே கார்டை வாசித்தால் 140 அலைகள். ரம்பப்பல் அலை என்பது தன் அடிப்படை அதிர்வெண்ணோடு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என எல்லாச் சீரிசைகளையும் ஏந்தி வருவது; இரண்டாவதன் வீச்சு அடிப்படையில் பாதி, மூன்றாவதன் வீச்சு மூன்றில் ஒரு பங்கு என்று படிப்படியாகக் குறையுமே தவிர, எதுவும் விட்டுப்போகாது. தம்புராவின் மந்தரத் தந்தியை மீட்டிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பவர்களுக்கு அதற்குள்ளிருந்து அந்தர காந்தாரம் எழுவது தெரியும். அது அத்தந்தியின் ஐந்தாவது சீரிசை. தம்புராவில் நாம் தேடிக் கேட்டு மகிழும் அந்தச் செழுமை, 140 அலைகளில் ஒரே நேரத்தில் எழுந்தால் இரைச்சலுக்கு மிக அருகில் வந்துவிடும்.

நம் காது அடுத்தடுத்துள்ள அதிர்வெண்களை எல்லையின்றிப் பிரித்து அறிவதில்லை. குறிப்பிட்ட அகலமுள்ள பட்டைகளாகத் தொகுத்தே கேட்கிறது. 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தப் பட்டையின் அகலம் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ். மேலே போகப் போக அது கூடும். ஒரே பட்டைக்குள் இரண்டு ஒலிகள் விழுந்தால், ஒன்று வலுவாக இருந்தால் மற்றதை மறைத்துவிடும். இரண்டும் சமமாக இருந்தால் உரசிக் கரகரப்பை உண்டாக்கும். தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ள ஒலியை எளிதில் மறைக்கும், ஆனால் உயர்ந்த ஒலி தனக்குக் கீழே உள்ளதை அந்த அளவுக்கு மறைக்காது என்பதை வெகல், லேன் என்ற இருவர் 1924இலேயே சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். கலவையில் அடிப்பகுதி பருத்துவிட்டால், நீங்கள் தொடாத லீட் (முதன்மை இசைவரி) ஒலிகூட மங்குவது இதனால்தான்.

ஆகவே முதல் வேலை ஈக்யூவில் இல்லை. சுரங்களை எழுதும் திரையான பியானோ ரோலில் இருக்கிறது. ஏ மைனர் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கீழ் ஸ்தாயியில் நெருக்கமாக வாசித்தால் மூன்று சுரங்களும் 110, 131, 165 ஹெர்ட்ஸ் அளவில் அமையும். மூன்றும் சேர்ந்து 55 ஹெர்ட்ஸ் இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றன. அதாவது காதின் ஒரே பட்டைக்குள் முழுக் கார்டும் நெரிகிறது. அந்த இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த ஈக்யூ போட்டாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. கீழே மூலசுரத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, இடையிலுள்ள காந்தாரத்தை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி 262 ஹெர்ட்ஸில் வைத்துப் பாருங்கள். எந்த நாபையும் தொடாமல் கலவையில் வெளிச்சம் வந்துவிடும். பியானோவுக்கு எழுதத் தெரிந்தவர்கள் இடது கையில் சுரங்களை அகலமாகவும் வலது கையில் நெருக்கமாகவும் வைப்பதற்குக் காரணமும் இதுதான்.

அடுத்தது வேலைப் பிரிவினை. அண்மையில் ஓர் இளைஞர் இதே குறையோடு வந்தபோது அவருடைய கோப்பைத் திறந்து இருவருமாகச் செய்ததை அப்படியே சொல்கிறேன். நிமிடத்துக்கு 128 தட்டுகள், ஏ மைனர், ஆறு அடுக்குகள். முதலில் எல்லாவற்றையும் ஒலிக்கவிட்டு, அவரைத் திரையைப் பார்க்காமல் உட்காரச் சொல்லி, நான் ஒவ்வொரு அடுக்காக மியூட் செய்தேன். இரண்டு அடுக்குகள் போனது அவருக்குத் தெரியவே இல்லை. தெரியாமல் போன அந்த இரண்டையும் அங்கேயே நீக்கிவிட்டோம். அவற்றில் ஒன்று அவர் மூன்று நாள் செலவிட்டு உருவாக்கியது, அதனால் மனம் ஒப்பவில்லை என்றாலும் நீக்கினார்.

மீதமிருந்த நான்கில் ஒன்றைக் கார்டின் உடலாகத் தேர்ந்தெடுத்தோம். அதில் ஏழு ஆஸிலேட்டர்களை (அலையாக்கிகளை) மூன்றாகக் குறைத்து, சுருதி விலகலையும் பாதியாக்கி, 180 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினோம். கார்டின் சுரங்கள் இன்னவை என்று காதுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு இந்த ஒன்றுக்கு மட்டுமே. ஆகவே இது நடுவில், ஏறத்தாழ மோனோவாக (இரு பக்கமும் ஒரே ஒலியாக) இருந்தது. இரண்டாவது அடுக்கை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி, 2,500 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அனைத்தையும் நீக்கி, இடமும் வலமும் விரித்து வைத்தோம். சோலோவில் கேட்டால் அது கொசு ரீங்காரம் போல இருந்தது. சேர்த்துக் கேட்டால் கார்டு முழுவதற்கும் பளபளப்பு அதிலிருந்துதான் வந்தது. மூன்றாவது, தந்தியைச் சுண்டியதுபோல் ஒலிக்கும் ஒரு பிளக் ஒலி. அதன் டிகேவை (ஒலி தேயும் நேரத்தை) 120 மில்லிவினாடியாகச் சுருக்கி, சஸ்டெய்னை (அதன் பின் நிலைத்து நிற்கும் அளவை) முற்றிலும் இறக்கிவிட்டோம். ஒவ்வொரு கார்டும் தொடங்கும் கணத்தைக் காட்டிவிட்டு அது ஒதுங்கிவிடும். நான்காவது பேஸ், தனி டிராக்கில்.

இங்கே கவனிக்க வேண்டியது, அதிர்வெண்ணில் பிரிப்பது ஒரு வழி என்றால் நேரத்தில் பிரிப்பது இன்னொரு வழி என்பது. பிளக்கும் உடலும் ஒரே அதிர்வெண் பகுதியில் இருந்தாலும், பிளக்கின் தொடக்கத் தட்டு ஒலித்த பிறகே உடல் முழுமையாக எழும்படி உடலின் அட்டாக்கை (ஒலி எழும் நேரத்தை) 30 மில்லிவினாடி தள்ளினால், இரண்டும் மோதுவதில்லை. புதிதாகக் கலவை செய்பவர்கள் பெரும்பாலும் ஈக்யூ வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் இந்த வழி அவர்கள் கண்ணில் படுவதில்லை.

ஒலியளவு கடைசியாக. உடலை அதன் அளவில் நிறுத்திவிட்டு, உச்சி அடுக்கின் ஃபேடரை (ஒலியளவுச் சறுக்கியை) அடியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். அது தனியாகக் காதில் விழத் தொடங்கினால் கூடிவிட்டது. மியூட் செய்தால் மட்டும் இழப்புத் தெரிகிறது என்றால் சரியான இடம். அந்த இளைஞரின் கோப்பில் அது உடலைவிட 11 டெசிபல் கீழே வந்து நின்றது. இவ்வளவும் முடிந்த பிறகு ஈக்யூவுக்கு மிஞ்சியிருந்த வேலை, உடலில் 300 ஹெர்ட்ஸ் சுற்றுப்புறத்தில் இரண்டு டெசிபல் குறைத்தது மட்டும்தான்.

கேள்வி: கிக் (பெரிய டிரம்மின் தட்டு) அடிக்கும் ஒவ்வொரு முறையும் பேஸும் கார்டும் மங்குகின்றன. சைட்செயின் கம்ப்ரஸர் (கிக் அடிக்கும்போது மற்ற ஒலிகளைத் தாழ்த்தும் கருவி) போட்டால் இசை முழுவதும் மூச்சு வாங்குவதுபோல் ஆகிறது. ரிலீஸ் (தாழ்த்திய ஒலி மீளும் நேரம்) எவ்வளவு வைக்க வேண்டும்? — வாசகி, கிள்ளான், மலேசியா

பதில்: ரிலீஸ் அளவை வேறொருவர் சொல்லி வைப்பதைவிட, உங்கள் பாடலின் வேகத்திலிருந்தே கணக்கிட்டுக்கொள்வது நல்லது. 60,000ஐத் தட்டு எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தட்டின் நீளம் மில்லிவினாடியில் கிடைக்கும். 128 தட்டுகள் என்றால் ஏறத்தாழ 469. அதன் பாதி 234. ஹவுஸ் இசையில் பேஸ் பெரும்பாலும் இரண்டு கிக்குகளுக்கு நடுவே, அந்த 234ஆவது மில்லிவினாடியில்தான் எழுகிறது. அதற்குள் சைட்செயின் தன் பிடியை முழுமையாக விட்டிருக்க வேண்டும். கார்டு மட்டும் அடுத்த கிக்குக்குச் சற்று முன்வரை மெல்ல எழுந்துவரலாம்.

பேஸுக்கும் கார்டுக்கும் ஒரே அமைப்பை வைத்ததுதான் நீங்கள் சொல்லும் மூச்சிரைப்புக்குக் காரணம் என்று நினைக்கிறேன். பேஸ், கிக்கின் அடி ஒலி நீடிக்கும் நூறு, நூற்றைம்பது மில்லிவினாடிக்கு முழுவதும் ஒதுங்கட்டும். கார்டில் 180 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏற்கெனவே எதுவும் இல்லாவிட்டால், அது நான்கைந்து டெசிபல் இறங்கினாலே போதும். கம்ப்ரஸர் கிக்கின் வால் முடியும்வரை பிடித்துக்கொண்டிருக்கும் என்பதால், கேட்காத ஒரு குறுகிய கிக்கைத் தனி டிராக்கில் வைத்து அதைக்கொண்டு இயக்குவது துல்லியமாக இருக்கும். மூச்சு வாங்கும் அந்த அசைவையே தாளமாகப் பயன்படுத்தும் பாணியும் உண்டு. அது வேண்டுமென்றால் மனமறிந்து செய்யுங்கள்.

இன்னொன்றையும் சோதியுங்கள். பேஸும் கிக்கும் 55 ஹெர்ட்ஸ் அருகே ஒன்றாக ஒலிக்கும்போது, ஒன்றன் அலை மேலெழும் நேரத்தில் மற்றதன் அலை கீழிறங்கினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். 55 ஹெர்ட்ஸில் ஒரு முழு அலையின் நேரம் 18 மில்லிவினாடி. ஒன்பது மில்லிவினாடி பிசகினால் போதும். பேஸ் சின்த்தில் ஆஸிலேட்டர் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரே கட்டத்திலிருந்து (அலையின் ஒரே புள்ளியிலிருந்து) தொடங்கும்படி அமைக்காவிட்டால், ஒரு தட்டில் அடி வலுவாகவும் அடுத்த தட்டில் வெற்றாகவும் வரும். பலர் இதைக் கம்ப்ரஸரால் சரிசெய்ய முயன்று நாள்களை இழக்கிறார்கள்.

கேள்வி: என் லீட் ஒலி ஹெட்ஃபோனில் மிக அகலமாக, அழகாக இருக்கிறது. செல்பேசியில் போட்டால் பாதி காணாமல் போகிறது. ஏன்? — வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இதற்கு என் சொந்த அனுபவம் ஒன்றையே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி விழாவுக்காக ஒரு நடன இசைத் தொகுப்புச் செய்திருந்தேன். லீட் ஒலியை நகல் எடுத்து, ஒன்றை இடப்பக்கமும், 12 மில்லிவினாடி தாமதித்த மற்றதை வலப்பக்கமும் வைத்திருந்தேன். ஹெட்ஃபோனில் அது தலையைச் சுற்றி விரிந்தது. மைதானத்தில் ஒலிபெருக்கிகள் எல்லாமே மோனோவாக இணைக்கப்பட்டிருந்தன. கிக் அதிர்ந்தது, பேஸ் அதிர்ந்தது. கூட்டம் காத்திருந்த லீட் மட்டும் ஒரு குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து ஒலித்தது. ஆட வந்தவர்கள் மெல்ல நின்றுவிட்டதை மேடையோரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எந்தக் கலவையையும் மோனோவில் கேட்காமல் நான் அனுப்பியதில்லை.

நடந்தது இதுதான். இரண்டு ஒலிகளில் முதலில் வருவதன் திசையையே காது நம்பும். பின்னால் வருவதைத் தனி எதிரொலியாகக் கேட்காமல் முதலாவதோடு சேர்த்துக்கொள்ளும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949இல் ஆராய்ந்ததால் இதற்கு அவர் பெயரே நிலைத்தது. இரண்டும் தனித்தனிக் காதுக்குப் போகும்வரை அது இனிமையான அகலம். ஒரே ஒலிபெருக்கியில் கலந்துவிட்டாலோ, 12 மில்லிவினாடி தாமதத்தால் 42, 125, 208 என ஏறத்தாழ ஒவ்வொரு 83 ஹெர்ட்ஸுக்கும் ஒரு பள்ளம் விழுகிறது. சீப்பின் பற்களைப் போல ஒலி வரிசையாக வெட்டப்படுகிறது. ஒரு பக்கத்தின் அலையைத் தலைகீழாக்கி அகலம் உண்டாக்கும் பிளகின்களில் (இணைப்பு மென்பொருள்களில்) நிலைமை இன்னும் மோசம்; மோனோவில் அந்த ஒலி அறவே அழிந்துவிடும்.

அகலம் வேண்டுமென்றால் நகல் எடுக்காதீர்கள். அதே இசைவரியை இடத்துக்கு ஒரு சின்த்திலும், வலத்துக்குச் சற்றே வேறான அலைவடிவமும் ஃபில்டர் அமைப்பும் கொண்ட இன்னொன்றிலும் வாசியுங்கள். இரண்டும் உண்மையிலேயே வெவ்வேறு ஒலிகளாக இருப்பதால், சேர்ந்தாலும் முறையாக அழிந்துபோவதில்லை. லீட்டின் நடு உடலை மோனோவிலேயே வைத்து, அகலத்தை மேல் அடுக்குக்கு மட்டும் கொடுங்கள். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் விரிக்க வேண்டாம்; இசைத்தட்டில் அடி ஒலி இரு பக்கமும் எதிரெதிராக அமைந்தால் ஊசியே பள்ளத்திலிருந்து எகிறிவிடும் என்பதால், தட்டு வெட்டும் காலத்திலிருந்தே இந்தக் கட்டுப்பாடு இருந்துவருகிறது. உங்கள் மென்பொருளில் கோரிலேஷன் மீட்டர் (இட, வல ஒலிகளின் ஒப்புமையைக் காட்டும் அளவி) இருந்தால் பாருங்கள்: முள் பெரும்பாலான நேரம் பூஜ்யத்துக்கு மேலே இருக்க வேண்டும். அதைவிட எளிய சோதனை, மாஸ்டரில் (இறுதி வெளியீட்டில்) மோனோ பொத்தானை அழுத்துவது. லீட் சற்றுச் சுருங்கினால் பரவாயில்லை. அதன் இசைவரி தெளிவாகக் கேட்க வேண்டும்.

கேள்வி: இவ்வளவு தெளிவுக்கு விலையுயர்ந்த பிளகின்கள் தேவையா? என்னிடம் பணம் இல்லை. — மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: தேவையில்லை. 2020இல் வெளியான வைட்டல் சின்த் இலவசமாகவே கிடைக்கிறது. சூப்பர்சா, வேவ்டேபிள், ஃபில்டர் எல்லாம் அதில் உண்டு. ஈக்யூவுக்கும் கம்ப்ரஸருக்கும் உங்கள் மென்பொருளோடு வருபவை போதும். மேலே சொன்ன ஆறு அடுக்குக் கோப்பில் நாங்கள் பயன்படுத்தியவை எல்லாம் மென்பொருளோடு வந்தவையே. பணம் சேர்ந்தால் முதலில் நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்குங்கள்.

கேள்வி: என் அறை பத்துக்குப் பத்து அடி. அதில் கேட்டுச் செய்யும் கலவையில் பேஸ் சரியாக இருக்கிறது. காரில் போட்டால் பேஸ் மற்ற எல்லாவற்றையும் மூழ்கடிக்கிறது. — வாசகர், மதுரை

பதில்: உங்கள் காதில் குறை இல்லை, நீங்கள் அறையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த நிலை அலைகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பத்து அடி என்பது 3.05 மீட்டர். மதுரையின் 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே எழும் முதல் நிலை அலையின் அதிர்வெண், வேகத்தை இருமடங்கு நீளத்தால் வகுத்தால் கிடைப்பது: 57 ஹெர்ட்ஸ். அறை சதுரமாக இருப்பதால் நீளத்திலும் அகலத்திலும் அதே 57 ஹெர்ட்ஸ் இரட்டிப்பாக எழுகிறது. கூரையும் பத்தடி உயரம் என்றால் மூன்று மடங்கு. இந்த அலையின் அழுத்தம் சுவரோரத்தில் மிகுந்தும் நடுவில் ஏறத்தாழ இல்லாமலும் இருக்கும். கிக்கும் பேஸும் உயிர்வாழும் அந்த இடம் நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்பதில்லை. கேட்காததை நீங்கள் ஏற்றுகிறீர்கள். ஏற்றியது காரில் தெரிகிறது.

நாற்காலியை முன்சுவரிலிருந்து அறை நீளத்தின் 38 விழுக்காட்டு தூரத்தில், அதாவது நாலடிக்குச் சற்றுக் குறைவாகப் போட்டுப் பாருங்கள். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. அங்கிருந்து அரை அடி முன்னும் பின்னும் நகர்ந்து, பேஸ் சுரங்கள் எல்லாம் சமமாகக் கேட்கும் இடத்தைத் தேடுங்கள். மூலைகளில் கண்ணாடிப் பஞ்சு நிரப்பிய தடித்த சட்டங்கள் வைக்க முடிந்தால் உதவும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதால் அடி ஒலிக்கு எந்தப் பயனும் இல்லை. 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீட்டர், ஒரு அங்குல அட்டை அதைத் தடுக்காது. பேஸ் அளவை ஹெட்ஃபோனிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஹெட்ஃபோனுக்கு அறை கிடையாது.

கேட்கும் அளவையும் தாழ்த்துங்கள். ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933இல் காட்டியபடி, ஒலி தாழும்போது நம் காது அடி அதிர்வெண்களைக் குறைவாகவே உணர்கிறது. சத்தமாக வைத்தால் எல்லாக் கலவையும் பேஸும் பளபளப்புமாக நிறைந்து ஏமாற்றும். பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசக்கூடிய அளவில் கேட்கும்போது, அடுக்குகளில் எது எதை மறைக்கிறது என்பது உடனே வெளிப்படும்.

கேள்வி: ரிவர்ப் (மண்டபத்தில் ஒலிப்பது போன்ற முழக்கம்) இல்லாவிட்டால் சின்த் வறட்சியாக இருக்கிறது, போட்டால் எல்லாம் குழைகிறது. — வாசகி, சிங்கப்பூர்

பதில்: சின்த்தோடு வரும் ஆயத்த ஒலிகளைத் திறந்து பாருங்கள். தனியாகக் கேட்கும்போது வாங்குபவரைக் கவர வேண்டும் என்பதற்காக அவற்றில் பெரும்பாலும் ரிவர்ப், டிலே, கோரஸ் மூன்றுமே ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும். ஐந்து அடுக்குகள் என்றால் ஐந்து வெவ்வேறு மண்டபங்கள் ஒரே நேரத்தில் முழங்குகின்றன. அவை அனைத்தையும் அணைத்துவிட்டு, எல்லா அடுக்குகளும் பகிரும் தனி சென்ட் டிராக்கில் ஒரே ஒரு ரிவர்ப் வையுங்கள். உடல் அடுக்கிலிருந்து கொஞ்சம், உச்சி அடுக்கிலிருந்து சற்றுக் கூடுதலாக அனுப்புங்கள். பிளக்கையும் பேஸையும் அனுப்ப வேண்டாம். ரிவர்ப்பின் வெளியீட்டில் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பிரீடிலேயை (ரிவர்ப் தொடங்கும்முன் உள்ள தாமதத்தை) 30 மில்லிவினாடி அளவில் வைத்தால் மூல ஒலி முதலில் தெளிவாகக் கேட்டு, அறை பின்னால் வரும். அந்த ரிவர்ப்பையும் கிக்கின் சைட்செயினில் இணைத்துவிட்டால், தட்டுகளுக்கு இடையே மட்டும் அது மலரும்.

கேள்வி: கலவை தெளிவாகவே இருக்கிறது. மாஸ்டரில் லிமிட்டர் (ஒலி ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் கருவி) போட்டு மற்ற பாடல்களின் அளவுக்குச் சத்தம் ஏற்றியதும் மறுபடி கலங்குகிறது. — வாசகர், சென்னை

பதில்: லிமிட்டர் முதலில் கடிப்பது ஒலியின் கூர்முனைகளை. உங்கள் அடுக்கில் கூர்முனையாக இருப்பது கிக்கின் தட்டும் பிளக்கின் தொடக்கமும். கார்டு எப்போது மாறுகிறது என்பதைக் காட்டிக்கொண்டிருந்த அடுக்கே மழுங்கிவிடுவதால் பழைய கலக்கம் திரும்புகிறது.

லிமிட்டருக்கு ஏன் இவ்வளவு வேலை வந்தது என்று பாருங்கள். ஒரே அளவுள்ள, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து ஒலிகள் சேர்ந்தால் மொத்தம் 7 டெசிபல் கூடும். அதே ஐந்தும் ஒரே ஒலியின் நகல்கள் என்றால் 14 டெசிபல். அடுக்குகளின் அடிப்பகுதியில் கவனிக்காமல் விட்ட ஒலிகள் ஒரே கட்டத்தில் சேரும்போது இந்த இரண்டாவது கணக்குக்கு அருகே போய்விடுகின்றன. அங்கே காதுக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. லிமிட்டருக்கு மட்டும் தெரியும்.

சத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாடல்களையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவருகின்றன. ஸ்பாட்டிஃபையின் இயல்பான அளவு மைனஸ் 14 லஃப்ஸ் (உரப்பை அளக்கும் அலகு). நீங்கள் மைனஸ் 6இல் அனுப்பினால் கேட்பவரின் கருவியில் 8 டெசிபல் குறைத்தே ஒலிக்கும். சத்தம் போய்விடும், நசுங்கிய கூர்முனைகள் மட்டும் நசுங்கியபடியே நிற்கும். நடன அரங்கில் வாசிக்கும் இசைக்கு மைனஸ் 14 போதாது என்பது உண்மைதான். மற்றவற்றோடு அடுத்தடுத்து வாசிக்கும்போது அது தாழ்ந்து ஒலிக்கும். ஆயினும் அந்த உரப்பைக் கலவையிலேயே ஈட்டிக்கொள்ள முடியும். கிக், பேஸ் தவிர்த்த ஒவ்வொரு அடுக்கிலும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்து வெட்டுங்கள். லிமிட்டரை இயக்கியபடியே பிளக் அடுக்கை ஓரிரு டெசிபல் ஏற்றி, உடல் அடுக்கை அதே அளவு இறக்குங்கள். லிமிட்டரின் முள் உரத்த இடத்திலும் மூன்று டெசிபலுக்கு மேல் இறங்காத நிலை வரும்வரை இதைத் தொடருங்கள். அதன் பிறகு முன்னைவிடக் கூடுதலாக ஏற்றினாலும் கார்டு கார்டாகவே கேட்கும்.